எல்லா அடுக்குகளையும் ஒரே கட்டத்தில் கொடுங்கள்

வெள்ள அபாய வரைபடத் தரவுகளை வெளியிடும் அலுவலர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தை முன்னிட்டு நீங்கள் வெளியிட்ட நில உயரம், நிலப்போர்வை (நிலத்தை மூடியிருப்பது வீடா, வயலா, நீரா என்பது), மழையளவு ஆகிய மூன்று ராஸ்டர் அடுக்குகளைப் பற்றி எழுதுகிறேன். நிலத்தைப் பிக்சல் என்னும் சிறு சதுரங்களின் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண் கொடுத்த கோப்புகள் இவை. இலவசமாகத் தந்ததற்கு நன்றி. ஆனால் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கணக்கிட முடியவில்லை. அதற்காகத்தானே அவற்றை வெளியிட்டீர்கள்?

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும் என்று ஒரு வரைபடம் தயாரிக்கிறோம். உங்கள் நிலப்போர்வை அடுக்குக்கு மூலம், ஐரோப்பிய விண்வெளி முகமையின் (ஈஎஸ்ஏ) வேர்ல்ட்கவர் என்ற உலக நிலப்போர்வைத் தரவு. அதில் பிக்சல் ஏறத்தாழ 10 மீட்டர். அதை நீங்கள் 30 மீட்டராக்கித் தந்திருக்கிறீர்கள். அளவை மாற்றியது தவறில்லை, மாற்றிய விதம்தான் தவறு. அந்தத் தரவில் 50 என்றால் கட்டடப் பகுதி, 90 என்றால் புல் மண்டிய ஈரநிலம். இவை வெறும் குறியீடுகள், கூட்டிக் கழிக்க முடியாதவை. உங்கள் கோப்பிலோ சதுப்பு நிலத்தின் ஓரம் நெடுக 63, 77 என்று குறியீட்டுப் பட்டியலிலேயே இல்லாத எண்கள் கிடக்கின்றன. ஒரு 30 மீட்டர் பிக்சலுக்குள் ஏறத்தாழ ஒன்பது 10 மீட்டர் பிக்சல்கள் அடங்கும். அவற்றில் ஆறு பிக்சலில் வீடு, மூன்றில் ஈரநிலம் என்று வைத்துச் சராசரி எடுத்தால் 63 வரும். மாற்றிப் போட்டால் 77. என்ன நடந்திருக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

அங்கங்கே 70 வருகிறது. அது பட்டியலில் இருக்கும் எண்தான். ஆனால் அதற்குப் பொருள் பனியும் பனிப்பாறையும். சென்னையின் தென்பகுதியில் வீடும் சதுப்பு நிலமும் தொடுகிற இடத்தில் பனி உறைந்திருப்பதாக உங்கள் கோப்பு சொல்கிறது. பனியையாவது யாரும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். இதே சராசரியில் விளைநிலமும் (40) நீர்நிலையும் (80) சேர்ந்து 60 ஆனால், அது வெற்று நிலம். ஏரிக்கரை வயல் வெற்று நிலமாகிவிடும், யாருக்கும் சந்தேகமே வராது. இந்த ஓரப்பகுதியில்தான் தண்ணீர் ஏறுகிறது, இங்கேதான் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நில உயர அடுக்கில் வேறு சிக்கல். அதுவும் 30 மீட்டர்தான், ஆனால் அதன் கட்டங்கள் நிலப்போர்வையின் கட்டங்களிலிருந்து அரைப் பிக்சல் தள்ளி நிற்கின்றன. ஆயத்தொலை (இடத்தைக் குறிக்கும் எண்கள்) பிக்சலின் மூலைக்கா நடுவுக்கா என்பதைக் கவனிக்காமல் விட்டால் இப்படி ஆகும். அரைப் பிக்சல் என்றால் 15 மீட்டர், ஒரு தெருவின் அகலத்துக்கும் மேல். சில மென்பொருள்கள் எல்லைகள் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடுகின்றன. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் அடுக்குகளைக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டர் நிற்பதில்லை, தானே பக்கத்துப் பிக்சலை எடுத்துக்கொண்டு ஒரு விடையைத் தந்துவிடும். எனக்குப் பயம் இதில்தான்.

மழையளவு, கால் டிகிரிக் கட்டத்தில் (பிக்சல் ஏறத்தாழ 27 கிலோமீட்டர்) இருந்ததை 30 மீட்டராக நறுக்கியது. ஒரே மழை எண் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களில் பரவியிருக்கிறது. மூல அளவு என்ன என்று கோப்பில் ஒரு வரி கூட இல்லை.

ஆகவே கேட்பது இதுதான்: எல்லா அடுக்குகளையும் ஒரே கட்டத்தில் கொடுங்கள். ஒரே தொடக்கப்புள்ளி, ஒரே பிக்சல் அளவு, ஒரே புரொஜெக்ஷன் (உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறை). வகைக் குறியீடுகளுக்குப் பெரும்பான்மை முறை (அதிகப் பிக்சல்களில் வரும் குறியீட்டையே எடுப்பது), உயரம் போன்ற அளவுகளுக்குச் சராசரி அல்லது பைலீனியர் (அருகிலுள்ள நான்கு பிக்சல்களைத் தூரத்துக்கேற்பக் கலப்பது). எந்த முறை, மூல ரெசல்யூஷன் (பிக்சல் அளவு) என்ன என்பதை மெட்டாடேட்டாவில் (கோப்பைப் பற்றிய விவரக் குறிப்பில்) எழுதுங்கள்.

இதை நாங்களே சரிசெய்துகொள்ளலாமே என்பீர்கள். செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தனித்தனியாகச் சரிசெய்தால், ஒரே அரசுத் தரவிலிருந்து ஆளுக்கொரு வெள்ள வரைபடம் வருகிறது. அப்புறம் எதை நம்பி ஒரு கால்வாயை அகலப்படுத்தச் சொல்வது? போதாக்குறைக்கு, பல துறைகளின் வரைபடங்கள் இன்றும் ஆயத்தொலையே இல்லாத பிடிஎஃப் படங்களாகத்தான் கிடைக்கின்றன. மக்கள் வரிப்பணத்தில் அளந்ததை மக்களால் அளக்க முடியாத வடிவத்தில் கொடுப்பது என்ன நியாயம்? தரவு வெளியீட்டுக்கு விழா எடுக்க நேரம் இருக்கிறது, இரண்டு அடுக்குகள் பொருந்துகின்றனவா என்று திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஆள் பற்றாக்குறை இருப்பது தெரியும். இது பெரிய வேலையும் இல்லை. ஒரு மாதிரிக் கட்டத்தை முடிவுசெய்துவிட்டால், ஜிடால்வார்ப் என்ற இலவசக் கருவியில் எல்லை, பிக்சல் அளவு, ரீசாம்ப்ளிங் (பிக்சல் அளவை மாற்றும்) முறை மூன்றையும் கொடுத்து எல்லா அடுக்குகளையும் ஓட்டிவிடலாம். யுடிஎம் என்ற புரொஜெக்ஷன் உலகை நெடுக்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதில் கோவை 43ஆம் மண்டலத்திலும் சென்னை 44இலும் விழுவதால், மாநிலம் முழுவதற்கும் எந்தப் புரொஜெக்ஷன் என்பதை மட்டும் நீங்கள் முடிவுசெய்ய வேண்டும். ஒரே கட்டம் தயாராகும்வரை, அந்த நிலப்போர்வைக் கோப்பை எடுத்துவிட்டு மூல 10 மீட்டர் கோப்பையாவது அங்கே வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இதைச் செய்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தரவைத் தினமும் பயன்படுத்தும் ஒரு ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) ஆய்வாளர்