எந்த வேகம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த தொலைதூர விண்மீன் திரள் பற்றிய கட்டுரையில் எண் பிழை எதுவும் இல்லை. அது ஒளியைப் போல 2.3 மடங்கு வேகத்தில் விலகுகிறது என்பது சரியான கணக்குதான். ஆனால் 'ஐன்ஸ்டீன் தோற்றாரா?' என்று தலைப்புப் போட்டவர்கள், அது எந்த வகை வேகம் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மறுநாளே என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் ஒன் பையன் இணைப்பை நீட்டி, "வெளிச்சத்தவிட வேகமா ஒண்ணும் போவாதுன்னுல்லா சொன்னீங்க சாரே?" என்று மடக்கினான். அவனுக்குச் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் திரளின் செம்பெயர்ச்சி, அதாவது ஒளியலை தன் நீளத்தைப் போல எத்தனை மடங்கு கூடுதலாக நீண்டு சிவப்புப் பக்கம் நகர்ந்தது என்ற அளவு, 14. அங்கிருந்து கிளம்பிய ஒளியலை இங்கே வந்து சேரும்போது 15 மடங்கு நீண்டிருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தது இவ்வளவுதான். வேகம் நாம் பிறகு கணக்குப் போட்டு எடுப்பது. செம்பெயர்ச்சியை அப்படியே ஒளிவேகத்தால் பெருக்கினால் 14 மடங்கு வரும். ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியல் தரும் டாப்ளர் வாய்பாட்டில் (விலகும் பொருளின் ஒளியலை நீள்வதை வைத்து வேகம் சொல்வது) போட்டால் ஒளிவேகத்தில் 0.99 பங்கு. இன்றைய தூரம் சுமார் 3,370 கோடி ஒளியாண்டு. அதை, தூரம் கூடக்கூட விலகும் வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்கிற ஹபிள் விதியில் வைத்தால் உங்கள் கட்டுரை சொன்ன 2.3 மடங்கு. ஒளி கிளம்பிய அன்று, அதாவது பெருவெடிப்புக்குப் பின் ஏறக்குறைய 30 கோடி ஆண்டில், அதே விதிப்படி வேகம் 5 மடங்கு. ஒரே திரளுக்கு நான்கு வேகங்கள்! முதலாவது இவ்வளவு தூரத்துக்குப் பொருந்தாத குறுக்குவழி, அதைத் தள்ளிவிடலாம். மற்ற மூன்றில் எதையும் தப்பு என்று சொல்ல முடியாது.

இது எப்படி? நாகர்கோவில் சந்திப்பில் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும்போது அவற்றின் சார்புத் திசைவேகம் என்ன என்பதில் சண்டையே வராது. ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாகப் பார்க்கும் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலிலும் அப்படித்தான். இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் ஒரே நொடியில் சந்தித்தால் ஒரே விடைதான், அது எப்போதும் ஒளிவேகத்துக்குக் கீழேதான். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. திசைவேகம் என்பது காலவெளியில், அதாவது இடமும் காலமும் சேர்ந்த பரப்பில், ஓர் அம்பு. அங்குள்ள அம்பை இங்குள்ளதோடு ஒப்பிட வேண்டுமானால் திசை மாறாமல் இங்கே கொண்டுவந்தாக வேண்டும். வளைந்த இடத்தில் எந்த வழியாகக் கொண்டுவருகிறோம் என்பதைப் பொறுத்து அம்பின் திசை மாறிவிடும்.

இதைப் பையனுக்குப் பூகோள உருண்டையில் காட்டினேன். கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே கடலில் சுமார் 900 கி.மீ. போனால் நிலநடுக்கோடு. அங்கே இரண்டு பேர், இருவர் கையிலும் வடக்கு நோக்கிய கம்பு. ஒருவர் முக்கடல் முனை வழியாக நேராக வடதுருவம் போகிறார். மற்றவர் நிலநடுக்கோட்டிலேயே கிழக்கே கால்வட்டம் போய், பிறகு வடக்கே ஏறித் துருவம் சேர்கிறார். இருவரும் வழியில் கம்பைத் திருப்பவே இல்லை. ஆனாலும் துருவத்தில் சந்திக்கும்போது ஒரு கம்புக்கு மற்றது செங்கோணத்தில் நிற்கும். பையன் இரண்டு பென்சிலை வைத்துச் செய்து பார்த்த பிறகுதான் நம்பினான்.

அந்த 0.99க்கு நல்ல பொருள் ஒன்று உண்டு. 1994ல் நம் நாட்டு வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது: அம்பை ஒளி வந்த பாதை வழியாகவே கொண்டுவந்தால், செம்பெயர்ச்சி முழுவதையும் டாப்ளர் விளைவாகவே படிக்கலாம். அப்போது எந்தத் திரளும் ஒளியை மிஞ்சாது. 2.3 என்பதோ வேறு சங்கதி. இடையிலுள்ள தூரம் எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதன் கணக்கு அது. அந்தத் திரள் தன் பக்கத்தில் போகும் ஒளிக்கதிர் எதையும் முந்தவில்லை. ஐன்ஸ்டீன் விதித்த தடை அந்த முந்தலுக்குத்தான்.

இது பேரண்டத்தின் எல்லையில் மட்டும் நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் சூரிய ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளும் அதன் ஈர்ப்பால் சிவப்புப் பக்கம் விலகியிருக்கின்றன. அதை வேகமாக மாற்றினால் சூரியன் நொடிக்கு 633 மீட்டர் வீதம் நம்மை விட்டு ஓடுவதாக வரும். நாளை காலை கடற்கரையில் சூரியோதயம் பார்ப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அது எங்கும் ஓடவில்லை. மேற்பரப்பில் கொதித்தெழும் வாயு அந்த விலகலில் ஒரு பகுதியை மறைத்தும் விடுகிறது. நூறாண்டுக்கு முன் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் மல்லுக்கட்டியது இதோடுதான்: கோடுகள் விலகுவது வாயுவின் ஓட்டத்தாலா, ஈர்ப்பாலா? பூமிக்கு முதுகு காட்டும் சூரியப் பக்கத்தை அறிய வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் ஒளியைக்கூட அவர் அளந்தார். நம் மாநிலத்து மலையில் நடந்த வேலை. பாடப்புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வந்திருக்கலாம்.

அகில உலக வானியல் சங்கம் 2000ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு தீர்மானம் போட்டது. ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி தருவதை வெறுமனே ஆரத் திசைவேகம் (நம்மை நோக்கியோ நம்மை விட்டோ போகும் வேகம்) என்று சொல்லாமல் 'ஆரத் திசைவேக அளவு' என்று தனியாகக் குறிக்க வேண்டும் என்றது. வானியலாளர்களே அவ்வளவு கவனம் எடுக்கும்போது நாம் ஓர் அடைமொழியாவது சேர்க்கலாமே.

ஆகவே என் கோரிக்கை சிறியது. விண்மீன் திரள் செய்தி போடும்போது செம்பெயர்ச்சி எண்ணை முதலில் போடுங்கள். வேகம் போட்டே ஆக வேண்டுமென்றால் 'இன்றைய தூரம் நீளும் வேகம்' என்றோ 'டாப்ளர் வாய்பாட்டுப்படி' என்றோ சேர்த்து எழுதுங்கள். இடம் போதாவிட்டால் வேகத்தை வெட்டுங்கள், செம்பெயர்ச்சியை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.