கைத்தடியைத் திருப்பித் தந்தவர்களுக்கு

பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. உங்கள் மொழியில் 'சலாமத்' (நன்றி) தவிர எங்களுக்கும் எதுவும் தெரியாது. கணக்கு சரியாகிவிட்டதால் என் மொழியிலேயே எழுதுகிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். உங்கள் தீவின் சாக்லேட் குன்றுகளைக் கரும்பலகையில் பலமுறை வரைந்தவர், நேரில் பார்த்ததில்லை. வயது 72, முழங்கால் வலி வேறு. புல் காய்ந்து பழுப்பாகும் ஏப்ரலில்தான் போகவேண்டும் என்று ஒரே அடம். சரி என்று கிளம்பினால், முன்பணம் கட்டிய வேன் அன்று காலை வரவே இல்லை. அந்தக் கோபம் இப்போது இல்லை. வேன் வந்திருந்தால் உங்களைப் பார்த்திருக்க மாட்டோம்.

தீவின் தலைநகர் தக்பிலாரனில், குன்றுகள் இருக்கும் கார்மென் ஊருக்குப் போகிற பஸ்ஸைக் காட்டி, அப்பாவுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுத்தந்த அம்மாவுக்கு முதல் நன்றி. மகோகனிக் காட்டுக்குள் பஸ் நுழைந்ததிலிருந்து அப்பா குழந்தையாகிவிட்டார். இறங்கும் இடம் வந்ததும் கைத்தடியை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். பஸ் போய்விட்டது.

கைகளைப் பிசைந்துகொண்டு நின்ற எங்களை 'ஹபால்-ஹபால்' எனும் வாடகை பைக்கில் ஏற்றிக்கொண்ட கூயா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்), அப்பாவை நடுவில் உட்காரவைத்து, மேடு பள்ளம் பார்த்து ஓட்டினீர்கள். மேலே போனால் 214 படிகள்! எங்கிருந்தோ ஒரு மூங்கில் கழியைக் கொண்டுவந்து கொடுத்த காவலாளிக்கும், ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே கூட ஏறிய கல்லூரிப் பெண்களுக்கும் என்ன சொல்ல? 120-ஆவது படியில் அப்பா உட்கார்ந்தபோது நீங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள், ஏதோ உங்களுக்கே கால் வலிப்பதுபோல.

உச்சியில் அப்பா சற்று நேரம் பேசவில்லை. ஆயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்ட குன்றுகள், கவிழ்த்த கிண்ணங்கள்போல அடிவானம் வரை. அப்புறம் வாத்தியார் விழித்துக்கொண்டார். கடலுக்கடியில் பவளமும் சிப்பியும் படிந்து சுண்ணாம்புக்கல் ஆனது, நிலம் உயர்ந்தது, மழை அரித்தது என்று அந்தப் பெண்களுக்கு அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு பாடம். பதிலுக்கு அவர்கள் அரோகோ என்ற ராட்சதனின் கதையைச் சொன்னார்கள்: காதலி அலோயா இறந்தபின் அவன் விட்ட கண்ணீர்தான் இந்தக் குன்றுகளாம். "மழையோ கண்ணீரோ, தண்ணீர் செய்த வேலை என்பதில் ஒற்றுமைதானே" என்றார் அப்பா. வகுப்பில் இவ்வளவு விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

2013 அக்டோபர் நிலநடுக்கத்தில் சில குன்றுகளின் சரிவு பெயர்ந்ததையும், நாங்கள் நின்ற அந்தப் பார்வை மேடையே இடிந்துபோய்ப் பிறகு கட்டப்பட்டதையும் காவலாளி கையசைவிலேயே விளக்கினார். அவருடைய வீடு என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கீழே இறங்கி ரோட்டுக்கு வந்தால், பெட்டிக்கடை அக்கா சிரித்தபடி கைத்தடியை நீட்டினார்! பஸ் கண்டக்டர் எதிரே வந்த வண்டியில் அதைக் கொடுத்தனுப்பி, 'தாடிக்காரத் தாத்தாவுடையது' என்று சொல்லச் சொன்னாராம். கண்டக்டரே, உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. மன்னியுங்கள்.

கூயா, காத்திருந்ததற்காக அப்பா கூடுதலாக நீட்டிய 200 பெசோ நோட்டை வாங்க மறுத்துவிட்டீர்களே. அதை அவர் மாற்றவில்லை. பர்ஸில் வைத்திருக்கிறார், வீட்டுக்கு வருகிறவர்களிடம் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார். அதில் இருப்பது அதே குன்றுகள்தான்.