தீப்பெட்டி மட்டும் நனையவில்லை

கோவில்பட்டி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் 30 நாளில் 50,000 சொற்கள் எழுதும் அந்த நவம்பர் சவாலை ஒன்பதாம் நாளே கைவிட்டதைப் பெருந்தோல்விபோல் எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1999-இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர் தொடங்கிய அந்தச் சவால் ஆங்கிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. அங்கே ஐந்தாறு சொற்களாக விரிவதை நாம் 'வரவேண்டியிருந்ததால்தான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நாளுக்கு 1,667 சொல் என்பது தமிழில் எழுதுகிறவனுக்கு இரட்டைச் சுமை. மேலும், எண்ணிக்கை ஒருவனை நாற்காலியில் உட்காரவைக்குமே தவிர, எதை எழுதுவது என்று சொல்லித் தராது.

இதை நான் அறிந்துகொண்டது பிள்ளைகளிடம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் எழுதிப் பழக வருகிறார்கள். முதல் வாரம் 'மழை' என்று தலைப்புக் கொடுத்தேன். பன்னிரண்டு நோட்டிலும் மண்வாசனை, பன்னிரண்டிலும் காகிதக் கப்பல். இந்தக் கரிசல் பூமியில் கப்பல் விடும் அளவுக்கு மழை பெய்வதே அரிது என்பது வேறு விஷயம்! தலைப்பு அகலமாக இருந்ததால், எல்லோரும் ஏற்கெனவே தேய்ந்து கிடந்த பாதையிலேயே நடந்துவிட்டார்கள்.

அப்போதுதான் பக்கத்து எட்டயபுரத்துக் கதை நினைவுக்கு வந்தது. இளம் பாரதியை மட்டம்தட்ட எண்ணிய, வயதில் மூத்த காந்திமதிநாதன், 'பாரதி சின்னப் பயல்' என்று ஈற்றடியை, அதாவது கடைசி அடியைக் கொடுத்து நாலடி வெண்பா கேட்டார் என்பார்களே, அதே கதை. 'காந்திமதி நாதனைப் பார், அதி சின்னப் பயல்' என்று பிரித்த சாமர்த்தியத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வியப்பு அதற்கு முந்திய இடத்தில். ஈற்றடி 'பா'வில் தொடங்கி இரண்டாம் எழுத்து 'ர'கரமாக நின்றால், மூன்றாம் அடியும் அதற்கு எதுகையாக, அதே இரண்டாம் எழுத்தோடு தொடங்க வேண்டும். அந்தக் கட்டாயம்தான் 'காரிருள்போல் உள்ளத்தான்' என்ற வசையைக் கொண்டுவந்திருக்கிறது. பெரியவர் முகம் வாடியதைக் கண்டதும் அதே ஈற்றடிக்கு அவரை 'கார்' என்னும் மழைமேகம் ஆக்கி, 'காந்திமதி நாதற்கு' நான் சின்னப் பயல்தான் என்று பாரதி மாற்றிப் பாடினார் என்றும் கதை தொடர்கிறது. ஒரே அடியிலிருந்து வசையும் வாழ்த்தும் பிறந்திருக்கின்றன. வெறுமனே 'என்னைப் பற்றி ஒரு பாட்டுப் பாடு' என்று கேட்டிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்காது.

ஆகவே இரண்டாம் வாரம் தலைப்பை விட்டுவிட்டு, கதையின் கடைசி வாக்கியத்தைக் கொடுத்தேன்: 'தீப்பெட்டி மட்டும் நனையவில்லை.' சிலர் திருடனையும் காட்டையும் கொண்டுவந்து எப்படியோ முடித்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். இரவில் ஓடு ஒழுகுகிறது. பாட்டி ஒட்டிவைத்த தீப்பெட்டிகள் மறுநாள் 144 பெட்டி ஒரு குரோஸ் என்ற கணக்கில் போய்ச் சேர வேண்டும். வீட்டிலிருந்த ஒரே போர்வையைப் பெட்டிகளின்மேல் போர்த்திவிட்டு, வீட்டார் மூவரும் விடியும்வரை மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கடியில் நான் கொடுத்த வாக்கியம். முதல் வாரம் காகிதக் கப்பல் விட்டவர்களில் அவளும் ஒருத்தி. நான் திருத்துவதற்கு இருந்தவை இரண்டு ஒற்றுப்பிழைகள் மட்டுமே. அவற்றையும் அன்றைக்குத் திருத்த மனம் வரவில்லை.

உனக்கும் ஓர் ஈற்றடி அனுப்புகிறேன். கல்லூரி விடுதியில் மாறி மாறிக் கொடுத்துக்கொள்வோமே, அதைப் போல: 'திரும்பி வருமோ ரயில்.' சீர்களை இணைக்கும் தளை தட்டாமல் பார்த்துத்தான் அமைத்தேன். கரும்பு, இரும்பு, துரும்பு என்று எதுகை கொட்டிக் கிடக்கிறது. எனக்கிருக்கும் கவலையும் அதுதான். எனவே ஒரு நிபந்தனை: மூன்றாம் அடியை 'விரும்பி' என்று மட்டும் தொடங்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்