‘சகவாழ்வு’ என்ற சொல்லும் ஒரு மதிப்பெண்ணும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘சகவாழ்வு’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருந்தோம். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “எனக்கும் அண்ணனுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஆனாலும் ஒரே அறையில் சகவாழ்வு நடத்துகிறோம்.” ஆசிரியர் ‘முரண்’ என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். “இதில் என்ன தப்பு?” என்று அவள் அம்மா கேட்டு அனுப்பியிருந்தார். நியாயமான கேள்வி. அவரைப் போல வேறு சிலரும் கேட்டதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

‘சக’ என்றால் உடன்; ‘சகவாழ்வு’ என்றால் உடன் வாழ்வது. சகபயணி, சகமாணவர் என்பவற்றில் இருப்பதும் இதுதான். ‘சகோதரன்’ என்பதைத் தமிழில் ‘உடன்பிறந்தவன்’ என்கிறோம். ‘சகவாச’மும் பிறப்பில் ‘உடன் வசித்தல்’தான், பாவம், ‘கெட்ட சகவாசம்’ என்றே சொல்லிச் சொல்லி அதன் பெயரைக் கெடுத்துவிட்டோம்.

குழப்பம் வருவது ‘சகிப்பு’ என்ற சொல்லால். ஒலி ஒன்றுபோல இருந்தாலும் வேர் வேறு; அது பொறுத்துக்கொள்வது. சகிப்பதை ஒருவர் மட்டுமே செய்யலாம். சகவாழ்வுக்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் சொல்கிற ‘அனுசரித்துப் போ’ என்பதும் வேறுதான், அதில் பெரும்பாலும் ஒருவரே வளைகிறார்.

‘ஒற்றுமை’யோ ஒன்றாவது. சகவாழ்வில் இரண்டும் இரண்டாகவே இருக்கும். 1954இல் இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்ட பஞ்சசீலத்தின் ஐந்தாவது கொள்கை சமாதான சகவாழ்வு. இரு நாடுகளின் ஆட்சிமுறைகளும் வேறு வேறு. அந்தச் சொல் தேவைப்பட்டதே அதனால்தான். (எட்டு ஆண்டுகளில் போரும் வந்தது. சொல்லை எழுதி வைத்தால் மட்டும் போதவில்லை.)

ஆக, அந்த மாணவியின் வாக்கியம் சரி. ‘ஆனாலும்’ என்று போட்டாளே, அங்கேதான் அவளுக்குப் பொருள் புரிந்திருப்பது தெரிகிறது. நாடுகளுக்கும் சமூகங்களுக்கும் சொல்கிற பெரிய சொல்லை அண்ணன் தங்கை அறைக்குள் கொண்டுவந்தது கொஞ்சம் குறும்பு, அவ்வளவுதான். ஆசிரியரிடம் பேசினேன். அவரும் சிரித்துக்கொண்டே மதிப்பெண்ணைத் திருத்திவிட்டார்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ‘இணக்கம்’, ‘பிணக்கு’ இரண்டையும் வைத்து வீட்டில் நடந்த ஒன்றை எழுதிவரச் சொல்லியிருக்கிறோம். பிள்ளைகள் எழுதுவதை வீட்டிலேயே திருத்தி அனுப்ப வேண்டாம். உங்களைப் பற்றி எழுதியிருந்தாலும்தான்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்