பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது, கண்ணு

அன்புள்ள அம்மணிக்கு,

நேற்று போனில் "மேல்படிப்பு வேண்டாம்ப்பா, செலவு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. படிக்க ஆசை இல்லை என்றால் சரி. என் கையைப் பார்த்து வேண்டாம் என்றால் எனக்கு அது தாங்காது சாமி.

இன்றைக்குக் காலையில் பாங்க்கில் படிப்புக் கடன் பற்றி விசாரித்தேன். ஏழரை லட்சம் வரைக்கும் ஈடு வேண்டாமாம். அமெரிக்காவில் எம்.எஸ். என்றால் அதைத் தாண்டிவிடும், வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டும். படிக்கிற காலமும் அப்புறம் ஒரு வருஷமும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடும். அதை மாசாமாசம் நானே கட்டிவிடுகிறேன். தறிக் கடனில் வட்டி ஏறி அசலோடு சேர்ந்து நாம் பட்டது போதும்.

என் மனசில் இருப்பதையும் சொல்கிறேன். எம்.டெக். சேர நீ எழுதின கேட் (GATE) தேர்வின் ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும். அதை வைத்து இங்கேயே எம்.டெக். சேர்ந்தால் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. உன் பெங்களூர்ச் சம்பளத்துக்கு முன்னால் சின்னத் தொகைதான், ஆனாலும் சாப்பாட்டுச் செலவுக்கு யார் கையையும் பார்க்க வேண்டாம். ஆராய்ச்சியில் மனசு நின்றால் பிஎச்.டி.க்கு அமெரிக்கா போ. அதற்குப் பெரும்பாலும் கட்டணம் வாங்காமல், பாடம் எடுக்கவோ ஆய்வகத்தில் வேலை செய்யவோ வைத்து மாசப் பணமும் தருகிறார்கள். உன் பெரியப்பா வீட்டு அண்ணன் அப்படித்தான் போனான்.

நீ கற்க நினைப்பதைச் சொல்லித்தருகிற ஆள் அங்கேதான் இருக்கிறார் என்றால் யோசிக்காதே, பத்திரத்தை எடுத்துத் தருகிறேன். கூடப் படித்தவர்கள் போகிறார்கள் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. 18 வயதில் நான் தறிக்குப் போன முதல் வாரம், பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தது. திட்டுவார்களோ என்று சொல்லாமல் ஓட்டினேன். காடாத் துணியில் நாலு மீட்டருக்கு மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. விரலை வைத்தால் தட்டுப்படும். உடனே சொல்லியிருந்தால் ஒரு முடிச்சோடு போயிருக்கும். படிப்பில் எங்கேயாவது சிக்கினால் அந்த வாரமே உன் கைடிடம் போய்ச் சொல்லிவிடு. சேரும் முன்னால் அவரிடம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுக்கொள், போய் நின்றால் நேரம் ஒதுக்குகிற ஆளா என்று.

வருகிற சனிக்கிழமை சோமனூருக்கு வா. உன் சம்பளச் சீட்டையும் எடுத்து வா, உட்கார்ந்து கணக்குப் போடலாம். அம்மா அரிசியும் பருப்பும் சாதம் ஆக்குகிறாளாம்.

உன் அப்பா