மேல கிடக்குற ஓட்ட வச்சு மேட்டோட வயச சொல்லிட முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பழைய குடியிருப்பு மேடு பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா மேல கிடந்த பானை ஓட்ட மட்டும் வச்சு மேடு இத்தன வருஷம் பழசுன்னு ஒரே வரில முடிச்சது சரியில்லங்க.

ஜனங்க வீடு கட்டி, அது இடிஞ்சு, அந்த இடிபாட்டு மேலயே திரும்பக் கட்டி அப்படியே உசந்ததுதான் மேடு. அப்போ மேலாக்க கிடக்குறது பெரும்பாலும் கடைசியா இருந்தவங்களோட ஓடு. அடியில உள்ளது மேல வரணும்னா யாராவது குழி தோண்டியிருக்கணும், செங்கல்லுக்கு மண்ணு வெட்டியிருக்கணும், எலி வளை போட்டிருக்கணும், இல்ல மழை சரிவ அரிச்சிருக்கணும். அதனால பழைய ஓடு கிடைச்சா அது ஒரு தடயம், கிடைக்கலங்கறதுக்காக அந்தக் காலத்துல ஆளே இல்லன்னு சொல்லிட முடியாது.

அதுக்காக மேற்பரப்பாய்வு, அதாவது தோண்டாம மேல கிடக்குறத சேகரிச்சுப் பாக்குறது, வீண்னு சொல்ல வரல, எனக்கு அதுமேல ரொம்ப மதிப்பு உண்டு. துருக்கில ரெண்டு மேட்டுல தொல்லியலாளருங்க சார்ல்ஸ் ரெட்மனும் பேட்டி ஜோ வாட்சனும் கட்டம் போட்டு ஓடு சேகரிச்சு, அப்புறம் தோண்டியும் பாத்து, மேல கிடக்குறதுக்கும் அடியில இருக்குறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு 1970லயே எழுதிட்டாங்க. ஆனா அதுக்கு கட்டத்துல உள்ள சாதா ஓட்டையும் சேத்து எண்ணணும். வர்ற போறவங்க வாய் விளிம்பு, கலர் பூச்சு, கோலம் போட்டதுன்னு அழகானத எல்லாம் பொறுக்கிட்டுப் போயிடுறாங்க, காலத்த சொல்றதே பெரும்பாலும் அந்தத் துண்டுங்கதான், தயவுசெஞ்சு போட்டோ எடுத்துட்டு அங்கயே விட்டுட்டு வாங்க.

இன்னொண்ணு, ஓட்டுக்கு வயசு எங்கேர்ந்து வருதுன்னா எங்கயோ அடுக்கடுக்கா தோண்டின வரிசையோட ஒப்பிட்டுத்தான் வருது. 1890ல பெட்ரிங்கற தொல்லியலாளர், இன்னிக்கு இஸ்ரேல்ல இருக்குற டெல் எல் ஹெசி மேட்டுல காட்டின வழி அது. அந்த வரிசை மாறினா நம்ம ஓட்டோட வயசும் மாறும். அரிக்கமேட்டுல 1945ல தொல்லியலாளர் வீலர் தோண்டினப்போ இத்தாலிலேர்ந்து வந்த அரிட்டைன்ங்கற செவப்புப் பானை ஓட்ட ஆதாரமா வச்சு, உள்பக்கம் உருளையால சின்னச் சின்ன கோலம் போட்ட ரௌலட்டட் பானைக்கு கி.பி. முதல் நூற்றாண்ட ஒட்டி காலம் சொன்னார், விமலா பெக்லி 1989லேர்ந்து 1992 வரைக்கும் அங்க திரும்பத் தோண்டினதுக்கு அப்புறம் அது கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வரைக்கும் பின்னால போயிடுச்சு. லேப்ல தெர்மோலூமினசன்ஸ், அதாவது ஓட்ட சூடாக்கி வர்ற வெளிச்சத்த அளந்து வயசு பாக்குறது, பண்ணிக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க, அதுக்கு ஓடு புதைஞ்சிருந்த மண்ணோட கதிர்வீச்சு அளவும் வேணும், மேல உருண்டு கிடக்குற ஓட்டுக்கு அத எங்கேர்ந்து எடுக்குறது?

அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி போடும்போது எப்படி சேகரிச்சாங்க, எந்த அகழாய்வோட ஒப்பிட்டாங்கன்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க. படத்துல கையில வச்சிருக்குற ஓடு மேட்டோட எந்தப் பக்கம் எடுத்ததுன்னும் கீழ போட்டிருக்கணும்.

இப்படிக்கு,
உங்க வாசகர்