விருப்ப ஓய்வுக் கடிதத்துக்கு முன் பணிப்பதிவேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சிப் பணியாளர்கள் பலர் விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்த பிறகுதான் ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்குதான் முதலில் வர வேண்டும்.

50 வயது நிறைந்தவரோ, ஓய்வூதியத்துக்குத் தகுதியான பணிக்காலம் 20 ஆண்டு முடித்தவரோ மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கலாம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது 1.4.2003-க்கு முன் நிரந்தரப் பணிக்கு வந்தவர்களுக்கு, இதில் உள்ள பெரிய சலுகை ‘வெயிட்டேஜ்’. பணிக்காலத்தோடு அதிகபட்சம் 5 ஆண்டு சேரும். ஆனால் மொத்தம், முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 30 ஆண்டைத் தாண்டாது; சேரும் ஆண்டுகள் ஓய்வு வயதையும் தாண்டாது. ஆகவே ஏற்கெனவே 30 ஆண்டு முடித்தவருக்கு ஓய்வூதியத்தில் ஒரு பைசாகூட அதிகமாகாது. 25 ஆண்டு முடித்த 52 வயதுக்காரருக்கோ முழு ஓய்வூதியமே கிடைத்துவிடும்.

தூய்மைப் பணியாளர்கள் கோட்டை விடுவது தினக்கூலிக் காலத்தில்தான். 1.4.2003-க்கு முன் நிரந்தரமானவர்களுக்கு அதற்கு முந்தைய தினக்கூலிப் பணியில் பாதி ஓய்வூதியத்துக்குச் சேரும். 4 ஆண்டு தினக்கூலி, 23 ஆண்டு நிரந்தரப் பணி, கடைசி அடிப்படை ஊதியம் 36,000 ரூபாய் என்று வையுங்கள். 23-உம் 2-உம் 25. வெயிட்டேஜ் 5 சேர்ந்தால் 30. ஊதியத்தில் பாதியான 18,000 ரூபாய் முழுசாக வரும். அந்த 2 ஆண்டு பணிப்பதிவேட்டில் ஏறாவிட்டால் மொத்தம் 28 தான், ஓய்வூதியம் 16,800. மாதம் 1,200 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் ஆயுள் முழுக்கப் போய்விடும். அந்தக் காலத்து வருகைப்பட்டியல்கள் சுகாதாரப் பிரிவின் பழைய கட்டுகளில் கிடக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே அவற்றைத் தேடி எடுத்து, பணிப்பதிவேட்டில் பதிந்து கையொப்பம் வாங்கிவிட வேண்டும். முன்னறிவிப்பின் மூன்று மாதம் முடிந்ததும் சம்பளம் நின்றுவிடும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஒரு கேள்வி எழுந்தால் ஓய்வூதியக் கோப்பு திரும்பி வரும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

வரித்தண்டலர்களுக்கும் பண்டகப் பொறுப்பில் இருந்தவர்களுக்கும் தணிக்கைத் தடைகளே, அதாவது கணக்கில் தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களே, முட்டுக்கட்டை. அவற்றைத் தீர்க்காமல் கடிதம் கொடுத்தால், ஓய்வின்போது மொத்தமாக வரும் பணிக்கொடை சிக்கிக்கொள்ளும்.

கம்யூடேஷனில், அதாவது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் முறையில், மூன்றில் ஒரு பங்கைத் தொகையாக வாங்கினால் மாதம் வரும் 18,000 என்பது 12,000 ஆகிவிடும். அகவிலைப்படி மட்டும் 18,000-க்கே கணக்கிடப்படும். குடும்பத்தாரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. விருப்ப ஓய்வில் போனால் பிள்ளைக்குக் கருணை வேலை கிடையாது என்பதையும்தான்.

விருப்ப ஓய்வு கேட்பவருக்கு, தகுதியான பணிக்காலமும் வரக்கூடிய ஓய்வூதியமும் எழுதிய ஒரு பக்கக் கணக்குத்தாளைப் பதினைந்து நாளுக்குள் தமிழில் தரும்படி ஆணையர்களுக்கு நகராட்சி நிர்வாக இயக்குநரகம் உத்தரவிட வேண்டும். கணக்கைப் பார்த்து மனம் மாறுகிறவர், அனுமதி பெற்றுக் கடிதத்தைத் திரும்பப் பெற அப்போது நாள் மிச்சமிருக்கும்.

இப்படிக்கு,
நகராட்சிக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்